சாக்கில் கிடந்த செருப்புகள்

எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. காரைக்குடியில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதான். அரசு ஆஸ்பத்திரி. சலவைக் கூடத்தைத் தாண்டிப் பின்னால் போனால் மனநலப் பிரிவு. அங்கே இருபத்திரண்டு நாள் இருந்தேன். இப்போது நன்றாக இருக்கிறேன். வீட்டில் ஒருவருக்கு இப்படி வந்து, எங்கே கூட்டிப் போவது, உள்ளே என்ன செய்வார்கள் என்று தெரியாமல் நிற்பவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

என் பெயர் சேவுகன். பள்ளத்தூர்ப் பக்கம் சொந்த ஊர். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டேன். ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியில் ராடு மாட்டும் வேலைக்குப் போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ராய்ச்சூர், ராய்ப்பூர், ஒடிசாவில் பெயர் மறந்துபோன ஊர்கள். ஓர் ஊரில் நாலு நாளுக்கு மேல் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொந்தம் என்று இருப்பது தங்கை வள்ளி மட்டும். கோட்டையூரில் தையல் கடை வைத்திருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் ராசு மாப்பிள்ளை ஆட்டோ ஓட்டுகிறார்.

வருடத்தில் இரண்டு தடவை அங்கே போய் இறங்குவேன். கிளம்பும்போது சொல்லிக்கொண்டு போனதில்லை. காலையில் வள்ளி எழுந்து பார்க்கும்போது நான் இருக்கமாட்டேன். அதனால் அவளுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. நான் உள்ளே வந்ததும் என் செருப்பை எடுத்து ஒளித்துவிடுவாள். அரிசி டிரம்முக்குப் பின்னால், பரண்மேல், ஒரு தடவை தையல் மெஷின் பெட்டிக்குள். நான் தேடமாட்டேன். வெறுங்காலோடு கிளம்பி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு போய்விடுவேன். அவள் வீட்டில் என் பழைய செருப்புகள் நாலைந்து சோடி இருக்கும்.

போன சித்திரையில் ஒடிசாவிலிருந்து அவள் வீட்டுக்கு வந்தேன். ஆறு நாள் தூங்கவில்லை. தூக்கம் வராமல் தவித்தேன் என்று நினைக்க வேண்டாம். தூக்கமே தேவைப்படவில்லை. அலுப்புக் கிடையாது. பேச்சு நிற்கவில்லை. பூமிக்கு அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் எனக்குக் கேட்கிறது என்று நம்பினேன். கோட்டையூரில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில் சுவரேறிக் குதித்து, போர் போட வேண்டிய இடம் இதுதான் என்று முற்றங்களில் சுண்ணாம்பால் பெருக்கல் குறி போட்டேன். பதினோரு வீடு. அந்தச் சொந்தக்காரர்களுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைப்பு. பன்னிரண்டாவது வீட்டில் காவல்காரர் பிடித்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, வீட்டுக்கார ஆச்சி வந்து கேட்டா நான் என்னத்தச் சொல்ல? தரை பூராம் சுண்ணாம்ப அப்பி வச்சிருக்கியே" என்றார்.

"நூத்தம்பது அடில தண்ணி நிக்கிதுண்ணே. ஆச்சிய உடனே வரச் சொல்லுங்க" என்றேன்.

அவர் வள்ளிக்கு ஆள் அனுப்பினார். ராசு மாப்பிள்ளையின் ஆட்டோவில் என்னை ஏற்றினார்கள். வழியில் இரண்டு தடவை குதிக்கப் பார்த்தேன். மாப்பிள்ளை தன் துண்டால் என் இரண்டு கைகளையும் கட்டினார். வேறு வழி இல்லை. அவர் மேல் எனக்குக் குறை இல்லை.

புறநோயாளிப் பிரிவில் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். பெஞ்சில் இருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து எங்களுக்கு நிறைய இடம் விட்டார்கள். உள்ளே இருந்தது ஒரு டாக்டரம்மா. முப்பத்தைந்து வயது இருக்கலாம். முதலில் சொன்னது இதுதான்: "அந்தத் துண்டை அவுத்துடுங்க." அடுத்தது என்னைப் பார்த்து, "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்றார். நான் பதில் சொல்லாமல் அவர் மேசைக்கு அடியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தக் கேள்வி நினைவில் இருக்கிறது. அன்று ஆஸ்பத்திரியில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அது. மற்றதெல்லாம் வள்ளியிடம் கேட்டார்கள்.

நோயின் பெயர் இருமுனை மனநோய். மனநிலை ஒரு பக்கம் அளவுக்கு மீறி ஏறும், இன்னொரு சமயம் அளவுக்கு மீறி இறங்கும். ஏறும்போது தூக்கம் வேண்டாம், பயம் கிடையாது, கையில் உள்ளது கரைந்துவிடும். இறங்கும்போது எழுந்து பல் தேய்ப்பதே மலை ஏறுவது மாதிரி. இரண்டு வருடத்துக்கு முன்னால் ராய்ச்சூரில் ஒரு கொட்டகையில் மூன்று வாரம் எழுந்திருக்காமல் கிடந்தேன். மலேரியா என்று நினைத்தோம். அது இதன் மறுமுனை என்று டாக்டரம்மா சொன்னபிறகுதான் தெரிந்தது. தைராய்டு, சிறுநீரகம் பார்க்க ரத்தம் எடுத்தார்கள். தலையை ஸ்கேன் செய்தார்கள். வேறு நோய்களும் இப்படி வேஷம் போடுமாம், அவை இல்லை என்று தெரிந்துகொள்ள. பிறகு லித்தியம் என்ற மாத்திரையைத் தொடங்கினார்கள். அது ஒரு வகை உப்பு. உடம்பில் குறைந்தால் பலன் இல்லை, கூடினால் விஷம். அதனால் அடிக்கடி ரத்தம் எடுத்து அளவு பார்ப்பார்கள்.

வார்டுக்குள் நுழையும்போது வாசல் காவலுக்கு இருந்த பாண்டி அண்ணன், "செருப்பக் கழட்டுங்க" என்றார். டயர் அடி வைத்துத் தைத்த செருப்பு அது, ராய்ப்பூரில் வாங்கியது. வள்ளி ஒளித்து வைத்திருந்ததை, ஆட்டோவில் ஏற்றும்போது அவளே எடுத்து மாட்டிவிட்டிருந்தாள். அதை ஒரு கோணிச் சாக்கில் போட்டார். சாக்கு பாதி நிறைந்திருந்தது. அங்கே எல்லாருக்கும் அப்படித்தான். வீட்டுக்குப் போகும் நாளில்தான் திருப்பிக் கிடைக்கும்.

முதல் நாலு நாள் ஊசி போட்டுத் தூங்க வைத்தார்கள். வள்ளி கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தாள். தையல் கடை பூட்டிக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் காசு கிடையாது, ஆனால் அவள் பூட்டிய கடைக்கு யார் கொடுப்பார்கள். ஐந்தாம் நாள் ராசு மாப்பிள்ளை வந்தார். கட்டில்மேல் ஒரு புதுத் துண்டை வைத்தார்.  கொஞ்ச நேரம் சன்னலைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அந்தத் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

தலை தெளியத் தெளியக் கால் தெரிய ஆரம்பித்தது. ரத்தம் எடுக்கும் இடம் முன்கட்டிடத்தில். சித்திரை வெயிலில் சிமெண்டு வாசலைத் தாண்டிப் போக வேண்டும். நான் ஓட்டமும் நடையுமாகப் போவேன். அங்கே வரிசையில் நிற்பவர்கள் முகத்தைப் பார்க்கமாட்டார்கள், காலைப் பார்ப்பார்கள். வெறுங்கால் என்றால் பின்கட்டு ஆள் என்று தெரிந்துவிடும். ஒரு அம்மாள் தன் பிள்ளையை இழுத்து இந்தப் பக்கம் நிறுத்திக்கொண்டார். எனக்குப் பசி பட்டினி பழக்கம். லாரிக்கு அடியில் படுத்துத் தூங்கியிருக்கிறேன். ஆனால் அந்த வரிசையில் நிற்பதற்குக் கூச்சமாக இருந்தது.

எட்டாம் நாள் டாக்டரம்மா ஒரு படிவத்தைக் கொண்டுவந்தார். "வந்தப்ப உங்க தங்கச்சி கையெழுத்துப் போட்டாங்க. இப்ப உங்களுக்கே முடிவெடுக்கத் தெரியுது. நீங்களே கையெழுத்துப் போட்டு இருக்கலாம். அப்படி இருந்தா, போகணும்னு தோணும்போது எங்ககிட்ட சொல்லிட்டுப் போகலாம்" என்றார். போட்டேன். வள்ளியை அன்றே கடைக்கு அனுப்பிவிட்டேன். அவள் வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "சொல்லிட்டுப் போகணும்னு சொன்னாகள்ல, காதுல விழுந்துச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

வார்டு நுழைவில் சுவரில் ஒரு நீலப் பலகை உண்டு. அதன் முன்னால் ஒரு இரும்பு பீரோ நின்றதால், ஒவ்வொரு வரியின் கடைசிப் பாதிதான் தெரியும். 'நடத்தப்படும்.' 'சொல்லப்படும்.' 'கேட்கப்படும்.' என்ன நடத்தப்படும், யாரிடம் சொல்லப்படும் என்பதெல்லாம் பீரோவுக்குப் பின்னால். பக்கத்துக் கட்டில் மெய்யப்பன் அண்ணன் பள்ளத்தூரில் பெரிய வீட்டுக்காரர். பேச்சே இல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். ஒரு நாள் அந்தப் பலகையைக் காட்டி, "எல்லாம் நடக்கும்ங்குறான். எதுன்னு சொல்லமாட்டேங்குறான்" என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

டாக்டரம்மா அந்த வார்டுக்கு வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. புதன்கிழமைதோறும் நோயாளிகளும் ஊழியர்களும் ஒன்றாக உட்காருவது என்று ஆரம்பித்தார். அந்தப் பலகையில் வாரம் ஒரு வரி. அதில் எழுதியிருப்பது இங்கே நடக்கிறதா, இல்லையா, அவ்வளவுதான் பேச்சு. முதல் கூட்டத்தில் பலகையைப் படிக்க வேண்டும் என்பதற்காக பீரோவை நகர்த்தச் சொன்னார். பாண்டி அண்ணனும் நானும் நகர்த்தினோம். பின்னால் சுவரோரமாகச் செருப்புச் சாக்கு சாய்ந்து நின்றது.

என் குரல் பெரிசு, கம்ப்ரசர் சத்தத்தில் கத்திப் பழகியது. என்னைப் படிக்கச் சொன்னார்கள். சாக்கு மறைத்திருந்த வரியைப் படித்தேன். "எடுக்கப்படும் ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் நோயாளியிடம் சொல்லப்படும்."

"இது இங்க நடக்குதா?" என்றார் டாக்டரம்மா.

 நான் சாக்கைப் பார்த்தேன். "எங்க செருப்ப எதுக்கு எடுத்தீக? யாரும் சொல்லலயே" என்றேன்.

தலைமை நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர். இருபது வருடமாக அந்த வார்டு. குரல் கறாராக இருக்கும், ஆனால் ஊசி போட்டால் வலிக்காது. "குடுத்தா ஓடிருவீக, வேற எதுக்கு?" என்றார். பிறகு குரலை இறக்கி, "முன்ன ஒருத்தர் ஓடிப் போயி ரோட்டுல லாரில அடிபட்டாரு. நாந்தான் போயிப் பாத்தேன். அன்னைலேருந்துதான் இந்தச் சாக்கு" என்றார்.

 "இந்தக் காரணத்த மொதல்லயே சொல்லியிருக்கலாம் சிஸ்டர். மனுசனா மதிக்காமப் புடுங்குறாகன்னுல்ல நெனச்சேன்" என்றேன்.

மெய்யப்பன் அண்ணன் சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "அன்னைக்கு ஓடுனவரு காலுல செருப்பு இருந்துச்சா?"

ஸ்டெல்லா சிஸ்டர் அவரைத் திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த பேனாவை மூடினார், திறந்தார். "இல்ல. வெறுங்காலோடதான் போனாரு."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இரண்டு வாரம் செருப்பைக் கொடுத்துப் பார்ப்பது என்று டாக்டரம்மா முடிவு சொன்னார். நிலைமை மோசமாக இருப்பவர்களோடு ஓர் ஆள் கூடவே இருப்பார். மற்றவர்கள் டீக்கடைக்குப் போவதானால் வாசல் நோட்டில் பெயரும் நேரமும் எழுதிவிட்டுப் போகலாம். ஊழியர்கள் யாரையும் துரத்திப் பிடிக்கவோ அதட்டவோ கூடாது, பக்கத்தில் போய்க் கேட்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் யாராவது சொல்லாமல் போய்விட்டால் சாக்கு திரும்ப வரும், எல்லாருக்கும்.

"மொதல்ல ஓடப் போறது இந்தப் போர் வண்டிதான்" என்றார் ஸ்டெல்லா சிஸ்டர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது உண்மைதான் என்று எனக்குத் தெரியும்.

சாக்கைத் தரையில் கொட்டினார்கள். அவரவர் சோடியைத் தேடி எடுத்தோம். மெய்யப்பன் அண்ணன் தன் செருப்பை மடியில் வைத்து ஈரத் துணியால் துடைத்தார். மறுநாள் காலை யாரும் சொல்லாமல் எழுந்து வார்டுக்கு முன்னால் நின்ற வேப்பமரம் வரை நடந்து போய்த் திரும்பினார். அதற்கு முன்பு அவர் கக்கூசுக்குத் தவிர எழுந்து நான் பார்த்ததில்லை.

செருப்பைக் கொடுத்த ஐந்தாம் நாள் ஒரு பயம் வந்தது. காளிமுத்து என்று ஒருவர் நோட்டில் எழுதாமல் வெளியே போய்விட்டார். ஒரு மணி நேரம் வார்டே வாசலில் நின்றது. முகம் பளபளவென்று திரும்பி வந்தார். ரோட்டோரச் சலூனில் சவரம் செய்துகொண்டிருந்திருக்கிறார். சாக்கு வரப்போகிறது என்று நினைத்தோம். ஸ்டெல்லா சிஸ்டர் அவரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "சவரத்துக்கா போனீக? வாரத்துக்கு ஒருக்கா ஆள உள்ளயே வரச் சொல்லீருவோம். தானாத் திரும்பி வந்ததால இந்த ஒரு தடவ சாக்கு வேணாம். எழுதாமப் போனதுக்கு இன்னைக்கு டீ கிடையாது" என்றார். அடுத்த வாரமே சவர ஆள் வந்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவரவில்லை. குளியலறைத் தாழ்ப்பாள் நான் வீட்டுக்குக் கிளம்பும்வரை உடைந்தபடியேதான் இருந்தது.

இரண்டாவது வாரத்தில் ஒரு வியாழக்கிழமை வண்டி முதலாளி போன் செய்தார். "சத்தீஸ்கர் வேலை. நாளைக்குக் காலைல வண்டி கிளம்புது. வாரியா, வேற ஆளப் போடவா?" யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவெல்லாம் இல்லை. கால் அரிக்க ஆரம்பித்துவிட்டது. மத்தியானம் எல்லாரும் படுத்திருந்தார்கள். டயர்ச் செருப்பைப் போட்டுக்கொண்டேன். நோட்டில் எழுதவில்லை. புதுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரே டீக்கடையில் போய் நின்றேன். காரைக்குடி பஸ் அங்கேதான் நிற்கும்.

பாண்டி அண்ணன் ஆடி அசைந்து வந்து பக்கத்தில் நின்றார். தனக்கும் ஒரு டீ சொன்னார்.

"எழுதாம வந்துட்டீக போல" என்றார்.

"மறந்துட்டேன்ணே."

"மறக்கல."

டீயைக் குடித்தோம். தூரத்தில் பஸ் தெரிந்தது.

"துரத்திப் புடிக்கக் கூடாதுன்னு உத்தரவு. எனக்கும் முட்டி வலி. அதனால கேக்குறேன். ஏறப் போறீகளா?"

"ஏறுனா?"

"ஏறுனா என்ன, நான் உள்ள போயி அந்தச் சாக்க எடுத்து உதறணும். எங்க வச்சேன்னு தேடணும். மெய்யப்பண்ணன் செருப்பக் கழட்டச் சொல்லணும். அந்த மனுசன் ஏன்னு கேப்பாரு. காரணம் சொல்லணும்னு வேற பலகைல போட்டுருக்கு."

பஸ் வந்து நின்றது. என் கை கம்பியைப் பிடித்துவிட்டது. வாசற்படியில் ஒரு கால் வைத்தேன். "ஏறுறதுனா ஏறுங்க, இல்லாட்டி எறங்குங்க" என்றார் கண்டக்டர். இதுவரை எத்தனையோ ஊரில் ஏறியிருக்கிறேன். ஒன்றிலும் யாரும் பின்னால் நின்று என் பதிலுக்காகக் காத்திருந்ததில்லை. எப்படி ஏறுவது என்று தெரியவில்லை. காலை எடுத்தேன். பஸ் போய்விட்டது.

வார்டுக்குள் போய் ஸ்டெல்லா சிஸ்டர் முன்னால் நின்றேன். "சிஸ்டர், நான் போகணும். சொல்லிட்டுப் போகணும்னு சொன்னீகள்ல, அதான் சொல்றேன்."

அவர் என் காலைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார். திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டு டாக்டரம்மாவைக் கூட்டிவந்தார்.

"சொன்னது நல்லது. முடிவு உங்களோடதுதான். போறதுக்கு முன்ன பத்து நிமிஷம் நான் சொல்றதக் கேளுங்க" என்றார் டாக்டரம்மா. "திங்கக்கிழமைதான் லித்தியத்தக் கூட்டியிருக்கோம். அளவு எங்க போய் நிக்கும்னு சனிக்கிழமை ரத்தத்துலதான் தெரியும். நீங்க வெயில்ல வேர்த்து ஊத்திக்கிட்டு, தண்ணி குடிக்காம வேலை பாத்தீங்கன்னா அது ஏறிடும். வாந்தி வரும், நடை தள்ளாடும், நினைவு தப்பும். நடுக்காட்டுல யார் பாக்குறது?"

"மாத்திரைய நிறுத்திட்டா?"

"மறுபடியும் சுண்ணாம்பு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப எத்தன நாளு?"

"சனிக்கிழமை சரியா இருந்தா, அடுத்த வாரம் வீட்டுக்குப் போகலாம். சரியில்லைன்னா அதையும் சொல்லிடுவேன். அப்புறம் போர் வண்டிக்குப் போகவே கூடாதுன்னு இல்ல. தண்ணிக் கேனோட போகணும். பக்கத்து ஊர் வேலையா இருந்தா நல்லது."

பத்து நிமிடத்தில் எனக்கு எல்லாம் விளங்கியது. வள்ளி செருப்பை ஒளித்து வைத்தும் இருபது வருடமாக என்னை நிறுத்த முடியவில்லை. காரணத்தைச் சொன்னதும் நின்றுவிட்டேன். முதலாளிக்குப் போன் செய்து வேறு ஆளைப் போடச் சொன்னேன்.

"ஏன், ஒடம்புக்கு முடியலயா?"

"ஆமாண்ணே. மனநல ஆஸ்பத்திரில இருக்கேன்."

போனில் வண்டிச் சத்தம் குறைந்தது, அவர் தள்ளி வந்துவிட்டார். பிறகு, "எங்க சித்தப்பாவுக்கும் இருந்துச்சு. யாரும் எங்கயும் கூட்டிட்டுப் போகல" என்றார். "சரியாயிட்டு வா. புதுக்கோட்டைப் பக்கம் ஏதாச்சும் வேலை வந்தா சொல்றேன்."

சனிக்கிழமை ரத்தம் சரியாக இருந்தது. காலை மாத்திரைக்கு முன்னால், முந்தின மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். இதைச் செய்பவர்கள் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முன்கட்டிடத்து வரிசையில் செருப்போடு நின்றேன். யாரும் என் காலைப் பார்க்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். என்னென்ன மாத்திரை, எதற்கு, என்ன அடையாளம் தெரிந்தால் உடனே வர வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார்கள். பீரோ இருந்த இடத்தில் மரத்தட்டு வைத்து, கட்டில் எண் எழுதிச் செருப்பு விட இடம் செய்திருந்தார்கள். சாக்கைக் காணவில்லை. பாண்டி அண்ணனிடம் கேட்டேன். "காஞ்ச வேப்பிலைய அள்ளிப் போடுறோம்" என்றார்.

ராசு மாப்பிள்ளை ஆட்டோவோடு வந்திருந்தார். வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார், ஆட்டோ டயர் பற்றி. நானும் டயர் பற்றியே பேசினேன். கோட்டையூரில் இறங்கி, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். வள்ளி சாப்பாடு போட்டாள்.

"நாலு நாள் கழிச்சுப் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு வேலை இருக்காம். போயிட்டு ரெண்டு நாள்ல வந்துருவேன். மாத்திரைய எடுத்துக்கிட்டுத்தான் போறேன்" என்று அவளிடம் சொன்னேன்.

அவள் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "சரிண்ணே" என்றாள். "மொத நாளே ஒருக்கா ஞாபகப்படுத்துங்க. சட்டைய இஸ்திரி போட்டு வைக்கிறேன்."

அன்று மாத்திரையைப் போட்டுவிட்டு நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்து பழக்க தோஷத்தில் வாசலுக்குப் போனேன். வள்ளி செருப்பு, மாப்பிள்ளை செருப்பு, பக்கத்தில் என் டயர்ச் செருப்பு. விட்ட இடத்திலேயே கிடந்தது.